கண்ணின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்!



நான் கண் டாக்டர் இல்லை. சிவில் டிப்ளமா படித்துவிட்டு 1982-ல், ஏஷியாட் விளையாட்டுக்காக டில்லி முழுவதும் தோண்டிக் கிடந்த சமயத்தில், ரயில்வே வேலைக்கு வந்தவன். முப்பத்தாறு வருஷம் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தே முதுகு வளைந்து போனவன். அப்படிப்பட்டவன் கண் வைத்தியத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். என் மனைவியே கேட்டுவிட்டாள்: "உங்க கண்ணாடியை எங்கே வச்சீங்கன்னு உங்களுக்கே தெரியல. ஊருக்குக் கண் வைத்தியமா?"

காரணம் இருக்கிறது. மதராசி கேம்ப்பில் இருந்த ஒரு தம்பியின் கண் விஷயத்தில் நான் கூடவே அலைந்து கற்றுக்கொண்டது, நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பயன்படும் என்று தோன்றுகிறது. அதைச் சொல்லாமல் இருப்பது சரியல்ல.

மதராசி கேம்ப்பைத் தெரியாத டில்லித் தமிழர் இருக்க மாட்டார். ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் கரையில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே சுமார் அறுபது வருஷம் இருந்த குடியிருப்பு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். சுற்றுவட்டாரத்து வீடுகளில் சமையல் செய்தும், பாத்திரம் தேய்த்தும், வண்டி ஓட்டியும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார்கள். நான் சொல்லும் தம்பி அங்கே பிறந்து வளர்ந்த டிரைவர். அவர் மனைவி எங்கள் வீட்டில் பல வருஷமாகச் சமையல் வேலை செய்கிறவர்.

2023-ஆம் வருஷக் குளிர்காலத்தில் ஒரு நாள் அந்தத் தம்பி வந்து நின்றார்.

"சார், இடது கண்ணுல நட்ட நடுவுல ஒரு கறை மாதிரி நிக்குது. தொடைச்சாலும் போவல. ரோட்டுல போட்டிருக்கிற வெள்ளைக் கோடு வளைஞ்சு தெரியுது. வண்டி ஓட்டவே பயமா இருக்கு."

"டாக்டர்கிட்டே காட்டினியா தம்பி?"

காட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்து, "உள்ளே வீக்கம்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நாள் சாப்பிட்டும் குறையவில்லை, கறை பெரிதாகிவிட்டது. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு. இன்னும் விசாரித்தபோது, அதற்கு முன்பே இடுப்பு வலிக்காக மருந்துக் கடையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த மாத்திரைகளை இரண்டு மாதம் விழுங்கியிருக்கிறார் என்பதும் தெரிந்தது. அதில் என்னென்ன இருந்ததோ, கொடுத்தவருக்கே வெளிச்சம்.

மறுநாள் காலை அவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வரிசையில் நின்று, சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிவதற்குக் காத்திருந்து, முதலில் ஒரு வண்ணப் படம் எடுத்தார்கள். அப்புறம் ஓ.சி.டி. என்று இன்னொரு படம். பிறகு கைநரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றி வரிசையாகப் பல படங்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இருப்பது ஒரு கண். அதற்கு எத்தனை போட்டோ? கல்யாண ஆல்பமா போடப் போகிறீர்கள்?" என்று அங்கிருந்த இளம் டாக்டரிடம் கேட்டேவிட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நான் ரயில்வேக்காரன் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்:

"அங்கிள், பாதை ஒரு இடத்துல இறங்கியிருந்தா, ரயில் மேல கோளாறா, அடியில மண்ணு கோளாறான்னு மேலே இருந்து பார்த்தே சொல்லிடுவீங்களா?"

அந்தக் கேள்வியில் நான் அடங்கிப்போனேன். ஏனென்றால் முடியாது.

பாதையும் பார்வையும்

பாதையில் ஓர் இடம் பள்ளமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி போகும்போது தூக்கிப் போடுகிறது. தண்டவாளத்தின் இணைப்பு தேய்ந்திருக்கலாம். சிலீப்பர் கட்டை உடைந்திருக்கலாம். ஜல்லி மண்ணோடு கலந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கும் கீழே மண்மேட்டில் தண்ணீர் ஊறிச் சேறாகியிருக்கலாம். மேலே நிற்பவனுக்கு நான்கும் ஒரே பள்ளம்தான். அடியில் சேறு இருக்கும்போது ஜல்லியை மட்டும் இடித்து இறுக்கினால் இரண்டு நாள் சமமாக இருக்கும். மூன்றாம் நாள் சேறு மேலே பொங்கும். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டாமல் அந்த இடம் சரியாகாது. தவறான வைத்தியம் செய்தால் நோய் அப்படியே நிற்பதில்லை, மோசமாகிறது.

கண்ணின் பின்புறமும் இப்படி அடுக்கடுக்கானதுதான். மேலே விழித்திரை, வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் மெல்லிய படலம். பார்வையின் மையமான மாக்குலாவின் நட்ட நடுவில் அதன் கனம் கால் மில்லிமீட்டர் அளவே. அதற்கு அடியில் ஒற்றைச் செல் வரிசையாக ஒரு நிறமிப் படலம் இருக்கிறது. அது கீழே இருக்கும் நீர் மேலே ஏறாமல் தடுக்கிறது; ஏறியதைத் திரும்ப இறைத்தும் விடுகிறது. அதற்கும் கீழே கோராய்டு என்ற இரத்தக் குழாய்ப் படலம். விழித்திரையின் வெளி அடுக்குகளுக்குச் சாப்பாடு போடுவது இந்தக் கோராய்டுதான். தண்டவாளம், நடுவில் நீர்த்தடுப்பு விரிப்பு, அடியில் மண்மேடு என்று நான் மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நோய் விழித்திரையில் வரலாம், கோராய்டில் வரலாம், ஒரே சமயத்தில் இரண்டிலும் வரலாம். நோயாளிக்குத் தெரிவதோ "நடுவுல மங்கலா இருக்கு" என்ற ஒன்றே ஒன்றுதான்.

ஏன் பல படங்கள்?

தண்டவாளத்துக்குள் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் சோதனை செய்வோம். ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படிப்பது. அதில் நேராகக் கீழே ஒலி அனுப்பும் கருவி முனை ஒன்று. 70 டிகிரி சாய்வில் அனுப்புவது இன்னொன்று. தண்டவாளத் தலைக்குள் நிமிர்ந்து நிற்கும் குறுக்கு விரிசல் நேர் முனைக்குத் தெரியாது. ஒலி அதன் ஓரமாகவே போய்விடும். சாய்வு முனைதான் அதைப் பிடிக்கும். நேர் முனை மட்டும் வைத்துக்கொண்டு "ரயில் நன்றாயிருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் வண்டி கவிழும்.

கண் படங்களிலும் அதே நியாயம்தான்.

வண்ணப் படம் என்பது மேலே இருந்து எடுக்கும் போட்டோ. இரத்தக் கசிவு, கொழுப்புப் படிவு, தழும்பு ஆகியவற்றைக் காட்டும். எந்த ஆழத்தில் நீர் நிற்கிறது என்பதை அது தெளிவாகச் சொல்லாது.

ஓ.சி.டி. என்பது நம் அல்ட்ராசோனிக்கின் அண்ணன் மகன். ஒலிக்குப் பதில் ஒளி. உள்ளே போன ஒளி எந்த அடுக்கிலிருந்து திரும்பி வந்தது என்பதை அளந்து, விழித்திரையை ஏதோ கேக்கை வெட்டி வைத்த மாதிரி குறுக்காகக் காட்டுகிறது. ஊசி இல்லை, வலி இல்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஃபூஜிமோட்டோவின் குழுவினர் 1991-ல் இதை வெளியிட்டார்கள். ஆனால் நடுவில் இருக்கும் நிறமிப் படலம் ஒளியைச் சிதற அடித்ததால், பல வருஷம் கோராய்டு மங்கலாகவே தெரிந்தது. 2008-ல் ரிச்சர்ட் ஸ்பெய்ட் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் அதே கருவியைக் கொஞ்சம் வேறு விதமாக வைத்துப் படமெடுத்து கோராய்டின் கனத்தை அளக்க வழி காட்டினார்கள். புதுக் கருவி எதுவும் வாங்காமல், இருக்கும் கருவியிலேயே! இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. வொர்க்ஷாப்காரனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சாயப் படம் இதற்கெல்லாம் மூத்தது. நோவட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் 1961-ல் வெளியிட்ட முறை. கையில் ஏற்றிய ஃப்ளோரசின் சாயம் சில விநாடிகளில் கண்ணுக்கு வந்துவிடும். எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதை ஓடும் நிலையிலேயே பார்க்கலாம். ஒரு நாள் தோலும் சிறுநீரும் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். சிலருக்குக் குமட்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோராய்டைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயம் உண்டு. அது கோராய்டுக் குழாய்களிலிருந்து சீக்கிரம் கசிந்து வெளியேறாது. நிறமிப் படலத்தை ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியில் படமாகும்.

ஆக ஒவ்வொரு படமும் ஒரு முனை. ஒன்று காட்டுவதை இன்னொன்று காட்டாது.

ஒரே மாதிரித் தெரியும் வேறு வேறு நோய்கள்

அந்தத் தம்பிக்கு வந்தது சி.எஸ்.சி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய். கோராய்டு தடித்து, அங்கிருந்து நீர் ஏறி, விழித்திரைக்கு அடியில் கொப்புளம் போல் தேங்கி நிற்பது. 1866-லேயே ஜெர்மானிய டாக்டர் கிராஃபே விவரித்திருக்கிறார். பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு வருகிறது. பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வடிந்துவிடும். இதைத் தூண்டிவிடும் காரணங்களில் முக்கியமானது ஸ்டீராய்டு. மாத்திரை மட்டும் இல்லை. ஊசி, மூச்சிழுப்பு மருந்து, தோல் களிம்பு எல்லாமே கணக்கில் வரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வந்த நோய்க்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய மருந்தையே, அந்த நோய்க்கு மருந்தாகவும் கொடுத்திருக்கிறார்கள்!

ஆனால் அந்தக் கிளினிக்கையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை. ஏனென்றால் வி.கே.எச். என்று இன்னொரு நோய் இருக்கிறது. வோக்ட், கொயனாகி, ஹரடா என்ற மூவர் பெயரால் வந்தது. இந்தியர்களிடத்தில் அபூர்வம் என்று தள்ளிவிட முடியாதது. அதிலும் விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கும், கோராய்டு தடிக்கும். அதற்கு ஸ்டீராய்டுதான் மருந்து. சீக்கிரமாக, நிறைய அளவில் கொடுத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். தாமதித்தால் பார்வை போகும். எப்படிப் பிரித்தறிவது? வி.கே.எச். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். தலைவலியும் காதில் இரைச்சலும் கூட வரலாம். சாயப் படத்தில் ஊசி குத்தினாற்போல் பல புள்ளிகளில் ஒழுகும். சி.எஸ்.சி.ஆரில் ஒன்றிரண்டு இடத்தில்தான் ஒழுக்கு. இந்தத் தம்பிக்கு ஒரே ஒரு புள்ளி. அதிலிருந்து சாயம் புகைபோக்கிப் புகை மாதிரி மேலே எழும்பியதைத் திரையில் நானே பார்த்தேன்.

ஒரே மாதிரியான நீர்த் தேக்கம். ஒன்றுக்கு ஸ்டீராய்டு அமுதம், இன்னொன்றுக்கு நஞ்சு. இதை டார்ச் வெளிச்சத்தில் எப்படித் தீர்மானிக்க முடியும்?

இன்னும் இருக்கிறது. வயதானவர்களுக்கு மாக்குலாவில் கெட்ட இரத்தக் குழாய் முளைத்து ஒழுகும் நோய் உண்டு. அதன் ஒரு வகையான பி.சி.வி. ஆசிய மக்களிடம் அதிகம் காணப்படுகிறது, சில சமயம் சி.எஸ்.சி.ஆர். போலவே வேஷம் போடுகிறது. ஐ.சி.ஜி. சாயப் படத்தில்தான் அதன் மொட்டுகள் நன்றாகத் தெரியும். அதற்குக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். காத்திருந்தால் இரத்தம் கசியும். காசநோயும் கோராய்டைத் தாக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அங்கே காசநோய் மருந்து கொடுக்காமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றிய கதைதான். இதற்குப் படம் மட்டும் போதாது. நெஞ்சு எக்ஸ்ரே, தோல் பரிசோதனை, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற விசாரணை எல்லாம் வேண்டும்.

தம்பிக்கு டாக்டர் ஸ்டீராய்டை நிறுத்தும் முறையைச் சொன்னார். அதைத் தவிர மருந்தே கொடுக்கவில்லை. "காத்திருங்க, மாசா மாசம் ஓ.சி.டி. பார்ப்போம்" என்றார். நாலாவது மாதம் கொப்புளம் வடிந்துவிட்டது. நிறங்கள் கொஞ்சம் வெளிறித் தெரிகின்றன என்றார் தம்பி. ஆனால் கோடு நேராகிவிட்டது, வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டார்.

நரேலாவுக்குப் போன பிறகு

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது.

2025 ஜூன் 1-ஆம் தேதி, டில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அங்கே இருந்த சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டது. ஜங்புராவுக்கும் நரேலாவுக்கும் சுமார் 40 கிலோமீட்டர். வாய்க்கால் நீர் வடிய வேண்டியது அவசியம்தான். பாதை வேலை பார்த்தவன் அதை மறுக்க மாட்டேன். ஆனால் அறுபது வருஷம் அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் வேலையையும், பள்ளிக்கூடத்தையும், தங்களைத் தெரிந்த டாக்டரையும் சேர்த்தே இழந்தார்கள் என்பதும் உண்மை.

தம்பிக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. சாமான்களை ஏற்றி இறக்கிய அவசரத்தில் ஆஸ்பத்திரிப் பை காணாமல் போயிற்று. அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டையும் காப்பாற்றியவர்களிடம் படம் எங்கே என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அக்டோபரில் மறுபடி அதே கண் மங்கியது. புது இடத்தில், புது டாக்டர். சோதித்துப் பார்த்ததில் சர்க்கரை நோய் என்றும் தெரிந்தது; இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை. மாக்குலாவில் வீக்கம். டாக்டருக்கு நியாயமான சந்தேகம்: இது சர்க்கரையால் விழித்திரைக் குழாய் ஒழுகி வந்த வீக்கமா? பழைய கோராய்டு நோய் திரும்பி வந்ததா? இல்லை, இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்திருக்கின்றனவா? "முன்னாடி எடுத்த படம் இருந்தால் கொண்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். தம்பி எனக்குப் போன் செய்தார்.

என்னிடம் இருந்தது. ரயில்வே புத்தி! அல்ட்ராசோனிக் சோதனையில் ஒரு குறை தெரிந்தால் சிவப்பு வண்ணத்தில் குறி போட்டு, பதிவேட்டில் எழுதி, அடுத்த சோதனையில் அது வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுவோம். குறையின் அளவைவிட அது வளரும் வேகம்தான் முக்கியம். அந்தப் பழக்கத்தில் 2023-ல் எடுத்த ஓ.சி.டி. காகிதத்தையும் சாயப் படத்தில் இரண்டு பக்கத்தையும் என் கைப்பேசியில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். ஞாபகத்துக்கு என்று எடுத்ததுதான். அது ஒரு கண்ணுக்குக் காவலாக வரும் என்று நினைக்கவில்லை.

அந்தப் படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர் சொன்னது இதுதான். பழைய ஒழுக்குப் புள்ளி இருந்த இடத்தில் இப்போது தழும்பு மட்டும் இருக்கிறது; அங்கே புது ஒழுக்கு இல்லை. இப்போதைய வீக்கம் விழித்திரையின் உள்ளேயே, சிறு சிறு நீர்ப்பைகளாக இருக்கிறது; சர்க்கரையால் வந்தது. ஆனால் அடியில் கோராய்டு இன்னும் தடித்தே இருக்கிறது. சர்க்கரை வீக்கத்துக்குச் சிலருக்குக் கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டாம். பழைய கதை தெரிந்ததால் அந்தப் பக்கமே போகாமல் வேறு வகை ஊசியைத் தேர்ந்தெடுத்தார். கூடவே சர்க்கரைக்கு வைத்தியம். இப்போது தேறி வருகிறார்.

முதல் நோயைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. ஒரே பாதையில் தேய்ந்த தண்டவாளமும் சேறான மண்ணும் சேர்ந்தே இருக்கலாம். ஒரே கண்ணில் சர்க்கரையும் கோராய்டு நோயும் சேர்ந்தே இருக்கலாம்.

சிலர் கேட்கும் கேள்வி

"ஸ்கேன் எல்லாம் பணம் பிடுங்கும் வேலை சார்" என்று நம்மவர்களில் பலர் சொல்கிறார்கள். அதில் துளி உண்மையும் இல்லை என்று நான் சொல்லத் தயாரில்லை. எல்லாருக்கும் எல்லாப் படமும் தேவையில்லை. வெறும் கண்புரைக்குச் சாயம் ஏற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஆனால் நடுப்பார்வை மங்கி, கோடு வளைந்து தெரிகிறவருக்கு ஓ.சி.டி. கூடப் பார்க்காமல் மருந்து எழுதினால், அங்கேயும் ஏன் என்று கேளுங்கள். கேள்வி இரண்டு பக்கமும் வேண்டும்.

"இனிமேல் கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும்" என்பார் இன்னொருவர். நல்ல செய்திதான். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற நம் ஆஸ்பத்திரிகளின் படங்களையும் பயன்படுத்தி, சர்க்கரையால் வரும் விழித்திரை நோயைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் என்று கூகுள் நிறுவனத்தார் 2016-ல் காட்டினார்கள். ஆனால் அது சொல்லிக் கொடுத்த நோயைத்தான் தேடும். "சர்க்கரைக் கோளாறு இல்லை" என்று அது சொன்னால், "கோளாறே இல்லை" என்று அர்த்தம் ஆகாது. எங்கள் நேர் முனையும் அப்படித்தான். தன் திசையில் வந்ததை மட்டும் சொல்லும்.

நாம் செய்யக்கூடியது

முதலாவதாக, வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு கண்ணால் ஜன்னல் கம்பியையோ, வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தையோ பாருங்கள். கோடு வளைந்தாலும், ஒரு புள்ளி மறைந்தாலும் உடனே கண் டாக்டரிடம் போங்கள். இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும்.

இரண்டாவது, சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கடைப் பொட்டலம், களிம்பு, இழுப்பு மருந்து, ஊரிலிருந்து வந்த பொடி எதையும் விடாதீர்கள். அதே சமயம், ஸ்டீராய்டு நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அது வேறு ஆபத்து. டாக்டரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

மூன்றாவது, சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணின் பின்புறத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் போட்டோ எடுத்து, ஊரில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள். வாடகை வீடு மாறுகிற நமக்கு, வீடே இடிபடுகிற நம்மவருக்கு, பீரோவை நம்ப முடியாது.

கடைசியாக நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் கண் முகாம் நடத்துகிறோம். கண்புரை பார்க்கிறோம், கண்ணாடி கொடுக்கிறோம், நல்ல காரியம். அதோடு விழித்திரைப் படம் எடுக்கும் கருவியோடு ஓர் ஆஸ்பத்திரிக் குழுவையும் அழைக்க வேண்டும். சந்தேகப்பட்டவரை மறுநாளே ஓ.சி.டி. உள்ள இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு வேண்டும். முகாமை ஆர்.கே.புரத்திலேயே நடத்தாமல் ஒரு தடவையாவது நரேலாவில் நடத்த வேண்டும்.

கூடப் போக ஓர் ஆளும் வேண்டும். நம்மவர்கள் காய்கறி வாங்கவும் வண்டி ஓட்டவும் தேவையான இந்தியை நன்றாகப் பேசுவார்கள். ஆனால் உடம்பு விஷயம் வந்தால் வார்த்தை நின்றுவிடும். கண்புரை மறைத்தாலும், நடுவில் கறை நின்றாலும், கோடு வளைந்தாலும் எல்லாவற்றுக்கும் "துந்த்லா" என்ற ஒரே சொல். எங்களிடம் அந்தத் தம்பி தமிழில் சொன்ன "வெள்ளைக் கோடு வளைஞ்சு தெரியுது" என்ற வாக்கியம் அந்தக் கிளினிக்கில் இந்தியில் சொல்லப்படவே இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு கேள்வி பிறந்திருக்கலாம். ஓய்வு பெற்று வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என் போன்றவர்கள் வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனால் குடியா முழுகிப்போகும்?

முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை எனக்குச் சௌகரியம். கண்ணாடியை மட்டும் முதல் நாளே தேடி வைத்துவிடுகிறேன்.